ஊருக்குள் யார் ஓட்டுவது

லைசென்ஸ் கைக்கு வந்த நாளில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடியில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் காட்டி, முறையாக வாங்கியது. ஆனால் எங்கள் ஜீப்பின் சாவி என் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. கேட்டால் சிரிப்பார். "லைசென்ஸ கவர்மெண்டு குடுத்துருச்சு, சரி. சாவிய நான்ல குடுக்கணும்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் வேடிக்கை, அவருடைய லைசென்ஸ் காலாவதியாகி வெகுநாள் ஆகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. போடியில் அவரை நிறுத்திக் கேட்பவர் இல்லை. டீக்கடையில் இருந்து ஏலக்காய்க் கமிஷன் கடை வரை எல்லோரும் மாமன் மச்சான். தெரிந்த முகமே போதும் என்று இருந்துவிட்டார். ஓட்டுவது அவருக்குப் பிறப்பில் வந்த உரிமை. எனக்கு மட்டும் சலுகை, அதுவும் இரண்டு இடத்தில் கேட்டு வாங்க வேண்டியது. லைசென்ஸைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் போவேன். வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

எங்கள் ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கச் சரிவில். போன பறிப்பின்போது ஒரு நாள் தோட்டத்தில் இருந்து திரும்புகையில், மெட்டுக்குச் சற்று முன்னால் புதிதாக வந்த கேரள வாகன அதிகாரி ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். இவர் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"லைசென்ஸ் எவிடெ?"

"சார், மீசை மொளைச்ச நாள்லருந்து இந்த ரோட்ல ஓட்டுறேன். ஒரு கீறல் விழுந்ததில்ல."

"ஓட்டத் தெரியும், சரி. ஓட்டலாம்னு ஆரு சொன்னது?"

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளூர இனித்தது. அதிகாரி அபராதம் எழுதிவிட்டு, இனி இவர் ஓட்டக்கூடாது, வேறு யாரிடமாவது லைசென்ஸ் உண்டா என்றார். இவர் வாயைத் திறக்கவில்லை. நான் பர்ஸைத் திறந்தேன்.

இடம் மாறி உட்கார்ந்து, மெட்டைத் தாண்டி மலை இறங்கத் தொடங்கினோம். "ரெண்டாவது கியர்லயே போ. பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்காத, சூடாயிரும்" என்றார். சரியான பேச்சுத்தான். இந்த மலையில் அவரைப்போல் ஓட்டுகிறவர்கள் குறைவு. அதுதான் என் ஆத்திரமே. இவ்வளவு தெரிந்தவர் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய்வர மாட்டாராம். அந்த அலுவலகமே ஒப்புக்கொண்ட என்னைச் சும்மா உட்காரவைத்துக் கூட்டிப்போவாராம்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒதுங்கினேன். "நீ ஏன் நிக்கிற? ஆரன் அடி, அவன் நிப்பான்" என்றார். நான் நிற்கத்தான் செய்தேன். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பயம்தான். ஆனாலும் மலை முடியவே கூடாது என்றிருந்தது.

முந்தல் ஊரில் மலை முடிந்து தரை வந்ததும் அவர் நெளிந்தார்.

"நிப்பாட்டு. இனிமே யாரும் கேக்கமாட்டாக. ஊருக்குள்ள நான் ஓட்டுறேன்."

நான் நிறுத்தவில்லை.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் பயலுக நிப்பாய்ங்க. கேலி பண்ணியே கொன்னுருவாய்ங்க."

"நிக்கட்டும்ங்க."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு, கல்யாணமானதில் இருந்து நான் கேட்டிராத குரலில், "செத்த நிப்பாட்டேன் ஆத்தா" என்றார்.

கெஞ்சுகிறார். சாவிக்காக நான் கெஞ்சியதெல்லாம் நெஞ்சில் வந்து முட்டியது. முடியாது என்று சொல்வது இவ்வளவு ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவர் இந்த ருசியில்தான் இருந்திருக்கிறார் என்று தோன்றியதும் திக்கென்றது.

பஸ் ஸ்டாண்டு வந்தபோது அவர் காலடியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். நான் அவருக்காக வேகத்தைக் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.