மதுமதி ஒட்டிய ஊசிமுனை

நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மிஷின்காரிகளில் மதுமதிதான் வேகம். மதிய இடைவேளையில் ஒரு கையில் சோறு, மறு கையில் போன். போனில் ஒரு ஜப்பான் அனிமே தொடர். அதன் நாயகிக்குப் பேய்கள் இருக்குமிடம் தெரியும். தோழிகள் பயந்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டாள்.

“லூசுங்ண்ணா அவ. சொல்லியிருந்தா அந்தப் புள்ளைங்க அந்தப் பக்கமே போயிருக்காதுங்கல்ல?” என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். நான் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரிக்காரன் நான் என்பதால் என்னிடம் நியாயம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

“அவ வாயைத் திறந்தா கதை முடிஞ்சிருமே.”

“முடியட்டுமுங்க. டென்ஷன் தாங்கல.”

போன வியாழக்கிழமை காலை கைக்குழந்தைச் சட்டை தைக்கும்போது அவள் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடியெடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவோம். ஒன்று குறைந்தாலும் அந்த லாட் சட்டைகள் முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். முனை அகப்படவில்லை. சாயங்காலம் சரக்கு லாரி கிளம்ப வேண்டும். தேய்ந்த ஊசி ஒன்றை ஒடித்து அதன் முனையை ஒட்டிவிட்டாள். நானும் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் அவள் சாப்பிடவில்லை, போனையும் எடுக்கவில்லை. பேக்கிங்கில் பெட்டிக்கு டேப் கிழிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தாள்.

“ஏனுங்ண்ணா, நோட்டுல ஒட்டுனது என்ற ஊசியோட முனை இல்லீங்க.”

“அப்ப முனை?”

“ஏதோ ஒரு கொழந்தை சட்டைக்குள்ளீங்க.”

நோட்டைப் பிரித்து என் கையெழுத்தைப் பார்த்தேன். “சூப்பர்வைசருக்குத் தெரியுமா?”

“சொல்லத்தானுங்க போறேன். உங்க கையெழுத்தும் மாட்டுமில்லீங்க, அதான் முதல்ல இங்க வந்தேன்.”

சூப்பர்வைசர் தங்கராஜ் கத்தினார். “லாரி வாசல்ல நிக்குது கண்ணு! காலையில வாயில என்ன கொழுக்கட்டையா?”

“பயமுங்க.”

ஒட்டிய பெட்டிகளைப் பிரித்தோம். சட்டைகள் ஒவ்வொன்றாக டிடெக்டருக்குள் போயின. நானூறு தாண்டியும் சத்தமில்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஐந்தரைக்கு ஒரு சட்டைக்கு டிடெக்டர் அலறியது. மதுமதி தோள் தையலைப் பிரித்தாள். அரிசியில் பாதிகூட இல்லாத முனை. நோட்டிலிருந்த உடைந்த ஊசியோடு வைத்துப் பார்த்தாள், பொருந்தியது.

“நாளையிலிருந்து உனக்கு மிஷின் இல்ல, பிசிறு நூல் வெட்டற டேபிள். இந்தத் தம்பிக்கு மெமோ” என்று என்னைக் காட்டினார் தங்கராஜ்.

“சரிங்க” என்றாள். பிறகு பிரிக்காமல் கிடந்த இரண்டு பெட்டிகளைக் கிட்டே இழுத்தாள்.

“இதையும் விட்டுப் பார்த்துரலாமுங்க.”