வாத்து வயலில் ராக்கெட்

நாய் வீடியோ போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். மீனாட்சிபுரத்தில் எங்களுக்கு நாலு மாடு, கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயல். அதோடு ராக்கெட். பார்டர் கோலி, ஆடு மேய்ப்பதற்கென்றே உண்டான நாய் இனம். ஓடவிடாமல் வைத்தால் வீட்டையே தின்றுவிடும். என் சேனலில் கிழிந்த மெத்தை, கவிழ்ந்த பால் கேன், என் அலறல் எல்லாம் அப்படியே இருக்கும். எடிட்டிங்கில் நீளத்தைக் குறைப்பேன், அசிங்கத்தைக் குறைக்க மாட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. சமத்து

எங்களிடம் தேங்காய் வாங்க வரும் கல்பாத்திக்காரர் ஒருவர்தான் ராக்கெட்டைக் கொண்டுவந்து விட்டார்.

"எங்காத்துல இவனை வெச்சுக்க முடியலை. இங்கே இடம் இருக்கு, ஓடி விளையாடினா சமத்தா இருப்பான்" என்றார்.

அந்தச் சமத்தை நம்பினேன். மறுநாள் கறவை நேரத்தில் நாலு மாட்டையும் வளைத்துக் கொண்டுபோய் ஒரே மூலையில் நிறுத்திவிட்டான். மிரண்ட மாட்டுக்குப் பால் இறங்குமா?

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி தலையில் கை வைத்தார். "இது நாயில்ல புள்ள, பேயி. யாருக்காச்சும் குடுத்துப்போடு."

நான் போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன். அதுதான் முதல் வீடியோ.

2. கவர் கட்டிய குச்சி

ராக்கெட்டுக்கு நடை போதாது. ஒரு நீள மூங்கில் குச்சியின் நுனியில் பிளாஸ்டிக் கவரைக் கட்டினேன். சரசரவென்று ஆட்டினால் அதன் பின்னாலேயே ஓடுவான். அரை மணி நேரம் ஆட்டினால் போதும், மத்தியானம் வரை தூங்குவான். அந்த வீடியோவுக்கு நல்ல கூட்டம். "எங்க நாயும் இப்பத் தூங்குதுக்கா" என்று ஊர் ஊராக எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் குச்சிதான்.

3. வாத்து

அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் வந்து இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு, எச்சம் வயலுக்கு உரம். அந்தத் தடவை எங்கள் வயலுக்கு வந்தவர் சுடலைமுத்து, தென்காசிப் பக்கம். வாத்தை ஒதுக்க அவர் கையிலும் நீள மூங்கில், நுனியில் பிளாஸ்டிக் கவர். சின்ன வயதிலிருந்து பார்க்கிற குச்சி. ராக்கெட்டுக்கு நான் கட்டியதும் இதே குச்சிதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் வரப்பில் ராக்கெட்டைக் கயிற்றில் நடத்திக்கொண்டே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து வாத்துகளைப் பட்டிக்குத் திருப்பக் குச்சியை ஆட்டினார். ராக்கெட் பாய்ந்தான், கயிறு என் கையை அறுத்துக்கொண்டு போயிற்று.

அத்தனை வாத்தும் ஒரே சுருளாகச் சுற்றின. சுடலைமுத்து நாயை விரட்டக் குச்சியை ஓங்கி ஆட்டினார். அவன் இன்னும் வேகமாக ஓடினான். நான் கத்த, அவர் கத்த, வாத்துகள் கத்த, ஐயோ, அந்தச் சத்தம்! கடைசியில் பழனிச்சாமி சேற்றில் இறங்கி எப்படியோ அவனைப் பிடித்துவிட்டார்.

ஒரு வாத்தையும் ராக்கெட் கடிக்கவில்லை. ஆனாலும் சுடலைமுத்து ஒவ்வொரு வாத்தாகப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாத்து மிரண்டா முட்டை வைக்காதும்மா. எம் பொழப்பே அதுலதான் கெடக்கு."

பழனிச்சாமிதான் பதில் சொன்னார். "காலைல கொண்டுபோயி கல்பாத்தியிலயே உட்டுப்போட்டு வந்தர்றேன். இனி இந்த நாயி ஊட்டுல இருக்கக்கூடாது." அவர் சொன்னால் சொன்னதுதான். ராக்கெட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

4. வெட்டாத பகுதி

விடிந்ததும் சுடலைமுத்து வந்தார். பட்டியில் வழக்கத்தில் பாதி முட்டைகூட இல்லையாம். பழனிச்சாமி சங்கிலியோடு கிளம்பி நின்றார்.

"ஏனுங்க, ஒரே ஒருக்கா இதைப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று போனை நீட்டினேன். அத்தனை களேபரத்திலும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்று பேரும் பார்த்தோம். குச்சி ஆடும்போதெல்லாம் ராக்கெட் பாய்கிறான். நின்றால் குச்சியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"அடப்பாவி! நான் ஆட்ட ஆட்டத்தான் ஓடுதா?" என்றார் சுடலைமுத்து.

"நான் பழக்கினதுங்கண்ணா. தெனமும் இதே மாதிரி குச்சியத்தான் ஆட்டுவேன்" என்றேன்.

வீடியோவில் பழனிச்சாமி, "குச்சியக் கீழ போடுங்கண்ணா!" என்று கத்தியபடி ஓடுகிறார். வழுக்கி விழுகிறார். எழுந்திருக்காமல் சேற்றிலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் விரிக்கிறார். ராக்கெட் வாத்தை விட்டுவிட்டு அவர் மடியில் போய் விழுகிறான். பிறகு அவர் குரல், என் அலறலில் எனக்கு அப்போது கேட்காத குரல்: "பயந்துட்டியா சாமி? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான் இருக்கறனல்லோ."

பழனிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்கிலியை ஆணியில் மாட்டினார்.

சுடலைமுத்து என்னிடம் திரும்பினார். "நாய் இருக்கட்டும்மா. வாத்து இங்க இருக்கற வரைக்கும் கட்டிப் போடுங்க. இதை அப்படியே போடுங்க, நான் கத்துறதையும் சேத்து. நாலு பேரு பாக்கட்டும்."

அப்படியே போட்டேன். குச்சியை அடுப்பில் வைத்தேன். ராக்கெட்டுக்கு இப்போது தேங்காய் மட்டையை எறிகிறேன், எடுத்துவருகிறான். சுடலைமுத்து அடுத்த வயலுக்குப் போவதற்குள் வாத்துகள் பழையபடி முட்டை வைத்தன. போகிற அன்று ராக்கெட்டுக்கென்று ஒரு முட்டை கொடுத்தார்.

நான் கற்றது இதுதான். நாய்க்கு நாம் காட்டும் விளையாட்டு நம் வாசலோடு நிற்காது. ஒன்றைப் பழக்குமுன் ஊரில் அது வேறு யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோ போட்ட அன்று பழனிச்சாமி ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு எடத்த மட்டும் வெட்டிப்போடு புள்ள."

"விழுந்ததையா?"

"விழுந்தது கெடக்குது. கொஞ்சினத."

வெட்டவில்லை.