முதலாளியின் பந்தை அம்மா அடித்த ஞாயிறு

கொலிஜ் ஸ்ரீட்டில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரின் கதவு திறந்ததும் நம்மை முந்திக்கொண்டு ஏறுவது கோப்பி மணம்தான். வறுத்த கொட்டையின் அந்தக் கரிந்த கசப்பு மூக்கில் பட்டதும், ‘லிட்டில் இத்தாலி’ வந்துவிட்டது என்று அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு இறங்குவேன். இத்தாலியிலிருந்து ஒரு காலத்தில் வெறுங்கையோடு வந்த சனங்கள் கடையும் கோயிலுமாகத் தங்களுக்கென்று ஆக்கிக்கொண்ட தெரு அது. அங்கே ஓர் உணவகத்தில் அப்பாவுக்குக் ‘கோப்பை கழுவுகிற’ வேலை. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குள் ஞாயிறு முழுக்க அடைந்து கிடக்க அம்மாவால் முடியாது. ஆகையால் கோடை முழுவதும் அப்பாவின் வேலை முடியும்வரை உணவகத்துக்குப் பின்னால் இருந்த சிறு பூங்காவில் நாங்கள் இருவரும் காத்திருப்போம்.

அந்தப் பூங்காவில், பலகை அடித்து மறித்த நீளமான மணல் தரையில், இத்தாலியக் கிழவர்கள் ‘போச்சே’ விளையாடுவார்கள். முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிட்டு, அதற்குக் கிட்டப் போய் நிற்கும்படி பெரிய பந்துகளை எறிவதுதான் ஆட்டம். எதிராளியின் பந்தை அடித்துத் துரத்தவும் செய்யலாம். அப்பாவின் முதலாளிதான் அங்கே ராசா. மனைவிமார் ஓரத்து மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்து தோடம்பழம் உரிப்பார்கள். மணலில் கால் வைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அம்மாவோ ஊரில் அண்ணன்மாரோடு கண்ணாடிப் போளைகளைக் குறிபார்த்து அடித்து வளர்ந்தவர். “பெட்டைப் பிள்ளைக்கு என்ன போளை அடி?” என்று பெரியம்மா திட்டத் திட்ட அடித்தவர். வாங்கின் நுனியில் இருந்தபடி, “உவர் கையை மடக்கிறார், அதுதான் பந்து விலகுது” என்று முதலாளியையே குறை சொல்லுவார். நல்ல காலம், தமிழில்.

ஒரு ஞாயிறு எதிர்க்கட்சியில் ஓர் ஆள் குறைந்தது. குப்பை கொட்ட வெளியே வந்த அப்பாவை முதலாளி கைகாட்டிக் கூப்பிட்டார். அப்பா சிரித்து மழுப்பிக்கொண்டு பின்வாங்க, அம்மா எழும்பிவிட்டார்.

“நான் வாறன்.”

செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு மணலில் இறங்கினார். கிழவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதலாளி குனிந்து, கையை விரித்து, அரசியை வரவேற்பதுபோல் பகிடி பண்ணினார். அப்பாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

“உமக்கென்ன விசரே? அந்தாள் என்ர முதலாளி!”

சிரிப்பு அதிக நேரம் நீடிக்கவில்லை. அம்மா எறிந்த பந்துகள் சொன்ன இடத்தில் நின்றன. ஆட்டம் கடைசிப் பந்துவரை சரிக்குச் சரியாகப் போயிற்று. அன்றைக்கென்று உணவகத்தில் குப்பை அடிக்கடி நிறைந்தது. அப்பா ஒவ்வொரு பையோடும் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். முதலாளியின் பந்து சின்னப் பந்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அம்மாவின் கையில் ஒரேயொரு பந்து.

“இஞ்சேரும், விட்டுக் குடுத்திடும். வேலை போனா வாடகைக்கு என்ன செய்யிறது?”

“நீங்கள் உள்ளுக்குப் போய்க் கோப்பையைக் கழுவுங்கோ.”

அம்மா உருட்டவில்லை. ஒற்றைக் கண்ணை மூடி, கையை நீட்டி வீசினார். பந்து காற்றில் போய் முதலாளியின் பந்தை நேரே மோதியது. அது தெறித்துப் பலகையில் முட்டிக்கொண்டு கிடக்க, அம்மாவின் பந்து சின்னப் பந்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

முதலில் கைதட்டியது முதலாளியின் மனைவி, மரியா அன்ரி. தோடம்பழக் கோதுகளை உதறிவிட்டு நேரே மணலுக்குள் வந்து, அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, ஒரு பந்தைக் கையில் எடுத்தார். பிறகு புருசனைப் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லி வாங்கைக் காட்டினார். மொழி தெரியாத எனக்கே விளங்கிற்று. மனிதர் போய் வாங்கில் உட்கார்ந்தார். யாரோ ஒரு மனைவி அவர் கையில் ஒரு சுளையைக் கொடுத்தார்.

மாலையில் அப்பா கோப்பை கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் முதலாளி வந்தபோது, வேலை போயிற்று என்றே அப்பா நினைத்தாராம். “அடுத்த ஞாயிறு உன் மனைவி என் பக்கம்” என்று மட்டும் அவர் சொல்லியிருக்கிறார். அப்பா மகிழ்ச்சியோடு செய்தியைக் கொண்டுவர, அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“நான் மரியாவோடதான் விளையாடுவன்.”

சொன்னபடியே செய்தார். கோடைக்குக் கோடை பெண்கள் கட்சி ஆண்களைப் போட்டு அடித்தது. என் அம்மா அந்தத் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து வணக்கம் சொல்வார்கள். பக்கத்தில் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

இப்போது நாங்கள் நகரத்தின் மறு கோடியில், மல்வேர்னில் இருக்கிறோம். போன கோடையில் அம்மாவை அந்தப் பழைய பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உணவகம் மதுச்சாலையாகியிருந்தது. முதலாளியும் மரியா அன்ரியும் காலமாகிவிட்டார்கள். மணல் தரை இருந்த இடத்தில் கம்பி வேலி. உள்ளே நாய்களை அவிழ்த்து ஓடவிட்டிருந்தார்கள். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, பந்துக்குப் பின்னால் ஓடிய ஒரு குட்டி நாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நாங்கள் விளையாடி வெண்டிட்டம், பிள்ளை. இனி நாயள் விளையாடட்டும்.”