பல் கூச்சம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனபோது, என் கணவர் திண்டுக்கல்லில் ஒரு முலாம் பட்டறையில் இருந்தார். பூட்டுச் சாமான்களுக்கு நிக்கல் ஏற்றுமுன் துரு போக வேண்டும். அதற்காக அவற்றைக் கம்பிக் கூடையில் போட்டு ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. பள்ளியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று நான் படித்ததுதான் அது. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது நேரில் பார்த்தேன். மூடியில்லாத தொட்டியிலிருந்து வெண்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே துரு கரைய, அந்தப் புகை பட்டே சன்னல் கம்பியும் அவர் சைக்கிளும் துருவேறியிருந்தன. எனக்குத் தொண்டை கமறியது.

"இதுல எப்படிங்க மூச்சு விடுறீங்க?"

"பழகிரும் புள்ள. நீ செத்த வெளிய நில்லு."

மூன்றாம் வருஷம், பச்சைத் தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்றார். அப்புறம் கொய்யா கடிக்க முடியவில்லை. முன்பற்கள் நுனியிலிருந்து தேய்ந்து பாதியாயின. சர்ச் பாட்டுக் குழுவில் நல்ல குரல் அவருக்கு. ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் 'ச' வந்த இடமெல்லாம் காற்றுப் போனது. யாரோ சிரித்துவிட்டார்கள். மறுவாரம் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார். வாயைத் திறக்கவே இல்லை.

பல் டாக்டர் முதலில் வேலையைத்தான் கேட்டார். "ஆசிட் புகை எனாமலைக் கரைச்சிருச்சு. அது திரும்ப வளராது. அங்கேயே இருந்தா மிச்சமும் போயிரும்."

வேலையை விடச் சொல்லி அழுதேன்.

"வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆர்டர் குறைந்து பட்டறையை மூடினார்கள். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். நாலு மாசம் அலைந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். பத்தடி நடப்பதற்குள் இரைத்ததைப் பார்த்து மறுநாளே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு பேட்டரி கடையில் எடுத்துக்கொண்டார்கள்.

"ஆசிட்டு கையாளத் தெரிஞ்ச ஆளுதான் வேணுமாம்," என்று வந்து சொன்னார். "இதுல புகை அம்புட்டு இல்ல புள்ள."

இது கந்தக அமிலம். சட்டையில் தெறித்த துளி அன்று தெரியாது. துவைக்கையில் அந்த இடம் கிழிந்து கையோடு வரும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது அந்த அமிலம் சாரலாகக் காற்றில் கலக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். மறுநாள் அவருக்குக் கொடுத்துவிட, சோற்றைக் கொஞ்சம் குழைய வடித்தேன்.