‘வீவோ’வுக்குத் தாய் தேடிய இருவர்

செத்துப்போன மொழிகளின் வினைச்சொற்களுக்குத் தாய்ச்சொல் தேடுவது எங்கள் தொழில். சக ஆராய்ச்சி மாணவிகளே, இதை வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைத்தவர் உங்களில் யாராவது உண்டா? எனக்கும் பக்கத்து நாற்காலி வசந்திக்கும் ஆராய்ச்சிக்கு வாய்த்தது ‘வீவோ’ என்ற லத்தீன் சொல். ‘வாழ்கிறேன்’ என்று பொருள். நான் லத்தீன் பக்கமிருந்தும் அவள் சமஸ்கிருத ‘ஜீவதி’ பக்கமிருந்தும் பின்னோக்கிப் போய், ஒரே தாயிடம் சேர வேண்டும்.

அடையாறு பஸ்ஸில்

அந்த ‘வ’வும் இந்த ‘ஜ’வும் ஒரே ஒலியிலிருந்து பிரிந்தவை என்று வசந்தி அடித்துச் சொன்னாள். நான் விடுவேனா? அந்த ஆதி ஒலியைத் தொண்டையும் உதடும் சேர்த்து, “க்வ... க்வ...” என்று அவள் சொல்லிக்காட்ட, நானும் சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர் ஓடி வந்தார்.

“இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் வாந்தி வருதா? ஜன்னலாண்ட போய் குந்துங்க!”

மயிலாப்பூரில் பெண் பார்த்த அன்று

வசந்தியை வாய் திறக்கக் கூடாது என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்துவது அநியாயம் என்று, பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடினேன். பிள்ளையின் அம்மா சிரித்தார்.

“எங்காத்துக்கு வந்தும் படிக்கட்டுமே! நாங்க ஒண்ணும் கட்டுப்பெட்டி இல்லே.”

நம்பினேன். வசந்தியும் நம்பினாள்.

தி. நகரில்

கல்யாணத்துக்குப் பிறகு அவள் துறைப் பக்கமே வரவில்லை. ஒரு சந்தேகத்தைச் சாக்காக வைத்து நானே போனேன். முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் முகம் பழையபடி ஆகிவிட்டது; “அப்படி இல்லேடி, வேதத்துல பாரு...” என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து மாமியார், “வசந்தி, பால் பொங்கறது!” என்றார். எழுந்து போனாள். திரும்பி வந்தவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாசல்வரை வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“இனிமே வராதேடி. நீ வந்துட்டுப் போனா, ரெண்டு நாளைக்கு எனக்கு எதுவுமே ஓட மாட்டேங்கறது.”

துறைத் தலைவர் அறையில்

மிச்சத்தை நான் முடித்தேன். பஸ்ஸில் அவள் சொன்னதே சரி. கட்டுரையில் அவள் பெயரையும் போட்டிருந்தேன், தலைவர் அடித்துவிட்டார். “முடிவே அவளோடது சார்!” என்று கத்தினேன். அவர் கத்தவில்லை.

“அந்தப் பொண்ணே வந்து கேக்கலியே, நீங்க ஏம்மா சண்டை போடறீங்க?”

எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு சொல் ஒரு காலத்தில் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று சாதிக்கத் தெரிந்த எங்கள் துறைக்கு, என் பக்கத்து நாற்காலியில் வசந்தி இருந்தாள் என்பதற்கு மட்டும் ஆதாரம் போதவில்லை.