ரொசாரியோ தலைமையில் ஒரு தட்டு

சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, முதுகு சாய முடியாத நாற்காலிகள். போன வாரம் அண்ணன் மகள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். காபி மேஜைக்கு வரவும் கூரையிலிருந்து பியானோ இறங்கி வரவும் சரியாக இருந்தது. ஜாஸ். நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"என்ன அத்தை, காபி ஆறுது?"

"இது யாரு வாசிக்கறது?"

அவள் போனைக் கூரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இரண்டே நொடி. வாசித்தவரின் பெயர், அவர் தலைமையில் வெளிவந்த இசைத்தட்டுகள், மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்து வாசித்தவை என்று எல்லாம் வரிசை கட்டி நின்றன. எனக்குப் பொறாமையாக இருந்தது. "இன்னொரு பேரையும் போட்டுப் பாரேன்" என்றேன். எம். ரொசாரியோ, பியானோ. போன் ஒரு பல் மருத்துவரைக் காட்டியது, பிறகு ஒரு பேக்கரியைக் காட்டியது. "யாரு அத்தை அது?" என்றாள். தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காபியைக் குடித்தேன். அவளிடம் சொல்ல வாய் வராததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் கடையில் வறுத்த காபியின் வாசனை. நான் அறிந்த காபியின் வாசனை வேறு. பழத்தோல் குவியலாகக் கிடந்து புளித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கும் நாற்றம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில், மஞ்சக்குட்டை தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில் எனக்கு ஸ்டெனோ வேலை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெண்ணுக்குச் சுருக்கெழுத்து தெரிந்தால் மாப்பிள்ளை தானாக வருவான் என்று நம்பியவர். வேலை வந்தது. எனக்கு இருபத்தெட்டு வயதாகும்வரை மற்றது வரவில்லை.

எஸ்டேட் ஆபீசை ஒட்டி இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஐந்து மணிக்குக் கணக்கு எழுதும் ரைட்டரும் மற்றவர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆறு மணிக்குப் பனி வந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும். கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை என் குரலை நானே கேட்க வழியில்லை. பால் பொங்கி வரும்போது "இரு, இரு" என்பேன். சில நாட்களில் அதுதான் நான் பேசிய மொத்தப் பேச்சு. தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் அதில் இருந்து பார்த்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

பங்களாவில் இருந்த துரைசானி அம்மா பெங்களூருக்கே போய்விட முடிவு செய்தபோது சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ரைட்டருக்கு மான்கொம்பு. எனக்குப் பெட்டி மாதிரி மூடித் தூக்குகிற ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒன்பது இசைத்தட்டுகளும். தேவாலயத்து ஆர்மோனியத்தைத் தவிர வேறு இசை அறியாத எனக்கு அந்தத் தட்டுகளில் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு விஷயம் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் வீட்டுக்குள் நாலு பேர் பேசுகிறார்கள் அல்லவா, அதற்காகவே திரும்பத் திரும்பப் போட்டேன்.

இங்கே என் மேதாவித்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மிஷின் ஓடினால் லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும். பல்பு சிவக்கும், இசைத்தட்டு மெதுவாகச் சுற்றும். நான் கேட்கிற நேரமெல்லாம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தத் தட்டுகளில் பியானோ வாசித்தவர் தூக்கக் கலக்கத்தோடு வாசிப்பதுதான் அவருடைய பாணி என்று இரண்டு மாதம் மெய்மறந்து ரசித்தேன். ஒருநாள் பாட்டின் நடுவே மிஷின் நின்றது. மனிதர் சட்டென்று விழித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும்.

அதன் பிறகுதான் அட்டைகளின் பின்புறத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பொடி எழுத்தில் யார் யார் என்னென்ன வாசித்தார்கள் என்று போட்டிருந்தது. மூன்று தட்டுகளில் "பியானோ: எம். ரொசாரியோ." நான்காவது ஒன்றில் அதே பெயர் முன்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், அவர் தலைமையில் நால்வர் என்று. பம்பாயில் பதிவானது. நம் ஊர்க்காரர்கள் இப்படியெல்லாம் வாசிக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டுப்போனேன்.

ஒரு வருடம் அந்த நான்கு தட்டுகள்தான் எனக்கு வேலை. பாடகி ஒருத்தியின் தட்டில் ரொசாரியோ அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் இரண்டு சுரம் வைப்பார். அவள் திரும்பி வந்ததும் ஒதுங்கிவிடுவார். சாக்ஸபோன்காரர் ஒருவரின் தட்டில் ஒரு கட்டத்தில் ஆளே இருக்கமாட்டார். எழுந்து போய்விட்டாரோ என்று நான் கவலைப்படும்போது ஓரத்திலிருந்து ஒரே ஒரு கட்டை தட்டிவிட்டு மறுபடியும் சும்மா இருப்பார். பக்கவாத்தியக்காரர் என்றால் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தலைவராக உட்கார்ந்த தட்டிலும் அதே கதைதான். பெரிய வயலின் மாதிரி நிற்க வைத்து வாசிப்பார்களே, பாஸ், அந்த ஆளுக்கு அள்ளி அள்ளி இடம் கொடுத்துவிட்டு இவர் பின்னால் நின்றுகொள்வார். இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டில் மட்டும் எல்லாரும் ஓய்ந்திருக்க அவர் தனியாக வாசித்தார். மூன்று நிமிடம் இருக்கும். அதற்காகவே அந்தப் பக்கத்தைப் போடுவேன். யாரும் இல்லாத வீட்டில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் போல இருக்கும். எனக்குத் தெரிந்த பேச்சு அது.

அடுத்த டிசம்பரில் ஏற்காடு தபால் ஆபீசில் ஆபீஸ் தபால்களோடு நின்றுகொண்டிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "ஏனுங்க, எம். ரொசாரியோ யாருங்க? ரிஜிஸ்டர் தபால்" என்று கூப்பிட்டார். தொப்பி வைத்த ஒல்லியான பெரியவர் ஒருவர் முன்னால் போனார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. எனக்கு அந்த அசட்டுத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, "பியானோவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். "பியானோ ரொசாரியோன்னு என்னைக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு மிஸ்" என்றார். பெரம்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவர், தமிழ் நன்றாக வந்தது. கைநடுக்கத்தால் வாசிப்பதை விட்டுவிட்டு, தேவாலயத்துக்குப் பக்கத்தில் விதவைத் தங்கையின் வீட்டில் இருந்தார். என்னிடம் இருக்கும் தட்டுகளைச் சொன்னேன். மூன்றுக்கும் தலையாட்டினார். நான்காவதைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அது இருக்கா? நான் அதைக் கேட்டதே இல்ல மிஸ். ரெகார்டு பண்ண மறுவாரம் கப்பல்ல வாசிக்கப் போயிட்டேன். திரும்பி வர்றப்போ கடையில இல்ல. எல்லாருக்கும் வாசிக்கறப்போ கை தானா போகும். என் பேர் முன்னாடி நின்னதும் பயந்துட்டேன். நல்லா வந்துச்சா, சொதப்பிட்டேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்களே கேளுங்க" என்றேன். வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிற சந்தோஷத்தில் அன்று பஸ்ஸில் சில்லறை வாங்கக்கூட மறந்தேன்.

கிறிஸ்துமஸ் நெரிசலில் சில வாரம் தள்ளிப்போய், ஜனவரியில் ஒரு ஞாயிறு முடிவானது. மழைக்காலம் முடிந்திருந்ததால் எங்கள் மலையில் செருப்பு, பைபிள், இசைத்தட்டு என்று எதுவும் பாக்கியில்லாமல் பூசணம் பூத்திருந்தது. அவருடைய தட்டை முதலில் எடுத்து, சோப்புத் தண்ணீரில் பஞ்சு தொட்டுத் துடைத்து, வெளித் தாழ்வாரத்தில் நிழலில் சாய்த்து வைத்துவிட்டுக் காலை ஆராதனைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தாழ்வாரம் காலியாக இருந்தது.

எதிரே சிமெண்டுக் களம். அங்கேதான் காபியைக் காயப்போடுவார்கள். களத்துக்குப் பொறுப்பு பாவாயி. என்னிடம் பிரியமாக நாலு வார்த்தை பேசுகிற ஒரே ஆள். மழையில் எது நனைந்தாலும் கேட்காமல் எடுத்துக் களத்தில் போட்டுக் காயவைத்துக் கொடுப்பாள். தலையணை, மிளகாய், ஒருமுறை என் டைப்ரைட்டர் உறை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது உபகாரம்கூட இல்லை, கையோடு வந்த பழக்கம்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கருப்பு வட்டலு ஈரத்தோட கெடந்துதுங்க. பூசணம் நெழல்ல போகுங்களா? களத்துல ஒரு காச்சல் காட்டிப்போட்டேன்" என்றாள்.

காபிக்கு நடுவே, உச்சி வெயிலில், அது ஓரமெல்லாம் நெளிந்து நடுவில் குழிந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "கெட்டுப்போச்சுங்களா சாமி?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லி உள்ளே எடுத்துப் போய் ஊசியை வைத்துப் பார்த்தேன். ஊசி ஒரு சுற்றுகூட நிற்கவில்லை, தாவித் தாவி விழுந்தது.

நாலு மணி பஸ்ஸில் அவர் வந்தார். கோட் போட்டிருந்தார், கழுத்தில் டை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த டையைப் பார்த்ததும், "சேலத்துல எங்க அண்ணன் கேக்கறதுக்கு வாங்கிட்டுப் போயிட்டாருங்க" என்று வந்தது. அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. "அதுக்கென்ன மிஸ், வரட்டும்" என்றார். மற்ற மூன்றையும் கேட்டோம். பாடகியின் தட்டில், "இந்த எடத்துல இவளுக்கு வரி மறந்து போச்சு, நான் சமாளிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார். பல்பர் மிஷின் கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஐந்தரை மணிக்குத் திரும்பும் பஸ். அந்த ஒன்றரை மணி நேரம்போல அந்த மலையில் எனக்கு வேறு எதுவும் அமையவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தார். "ரெகார்டு வந்துச்சா மிஸ்?" இல்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் அதைக் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நீங்கதான் நெறைய தடவை கேட்டிருக்கீங்களே. எப்படி இருந்துச்சு? நான் நல்லா வாசிச்சிருந்தேனா?" என்றார்.

என் பொய்க்குக் காவல் இருப்பதிலேயே புத்தி போய்க்கொண்டிருந்தது. "தட்டு வந்ததும் நீங்களே கேட்டுப் பாருங்க" என்றேன்.

"சரி மிஸ்" என்றார்.

நான்காவது ஞாயிறு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. பஸ் சத்தம் கேட்டதும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இரண்டு முறை தட்டினார். "மிஸ்?" என்றார். திரும்பிப் போக ஐந்தரைக்குத்தான் பஸ் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். களத்து மதில்மேல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவாயி அவருக்குக் கடுங்காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் விளக்குப் போடாமல், பாத்திரம் உருட்டாமல், ஒன்றரை மணி நேரம் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு இருந்த ஒரே விருந்தாளியை அப்படித்தான் வெளியே உட்கார வைத்தேன். அதன்பிறகு அவர் வரவில்லை. தபால் ஆபீசுக்குப் போகும் வேலையை நானும் ரைட்டரிடம் தள்ளிவிட்டேன். ஈஸ்டர் கழிந்து, அவரும் அவர் தங்கையும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கை மகளிடமே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கேவலம், முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துச் சேலத்தில் வேலை கிடைத்தது. சாமான் கட்டும்போது பாவாயி உதவிக்கு வந்தாள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் அந்த நெளிந்த தட்டைப் பார்த்ததும் முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"இதெ இன்னும் வெச்சிருக்கறீங்களா? எனக்கு நொம்ப நாளா மனசே ஆறலீங்க. அந்தப் பெரியவருகிட்ட மட்டும் மொத நாளே சொல்லிப்போட்டனுங்க."

"என்ன சொன்னே?"

"பஸ்ஸுக்கு நின்னாருங்களே, அப்ப. 'சாமி, என்ற கையாலதான் வட்டலு கெட்டுப்போச்சு, அம்மணிய வையாதீங்க'ன்னேன். அவரு சிரிச்சுப்போட்டு, 'எனக்குத் தெரியும்னு அந்தம்மாகிட்ட சொல்லாதே, சங்கடப்படுவாங்க'ன்னுட்டாருங்க."

முதல் நாளே தெரியும். தட்டு இல்லை என்று தெரிந்துதான் அடுத்த ஞாயிறும் "வந்துச்சா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார், வருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. இனி அந்தத் தட்டைக் கேட்கவே முடியாது, கேட்டவள் நான் ஒருத்திதான் என்று தெரிந்துதான், நல்லா வாசிச்சிருந்தேனா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஆமாம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. கட்டிய சாமான்களின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாவாயி தன் தப்புக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "உடுங்க கண்ணு, உடுங்க" என்று என் முதுகைத் தடவினாள்.

அந்த எஸ்டேட் இப்போது விடுதியாகிவிட்டது. களத்தில் கார்கள் நிற்கின்றன. பாவாயி இல்லை. ஆஸ்திரேலியாவில் அவரும் இத்தனை காலம் இருந்திருக்க முடியாது. அந்த நால்வர் தட்டில் இன்னொரு பிரதி எங்காவது ஒரு பரணில் கிடக்கலாம் என்று நெடுநாள் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் தனியாக வாசித்த அந்த மூன்று நிமிடம் வெகு காலம் என் தலைக்குள் முழுதாக இருந்தது. பஸ்ஸில், அடுப்படியில், தூக்கம் வராதபோது அதை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பேன். போன வருடம் நடுவில் ஓரிடம் விட்டுப்போயிற்று. இப்போது தொடக்கமும் வருவதில்லை.