டத்தோவுக்காக இறங்கி வந்த கிணறு

சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்த விளம்பரப் படத்தில் மூன்று செய்திகள் பெரிய எழுத்தில் இருந்தன. காலை ஆறு மணிக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து பேருந்து புறப்படும். டி-சட்டை இலவசம். டத்தோ வருகிறார். எங்கே நடக்கப்போகிறோம், எதைப் பார்க்கப்போகிறோம் என்பது அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. கைப்பேசியில் விரல்களால் படத்தை விரித்துப் பார்த்த பிறகே அது செமினி பக்கம் ஒரு பழைய தோட்டச் சாலை என்றும், அதன் முடிவில் தோட்டத் தொழிலாளர்கள் வெட்டிய கிணறு ஒன்று இருக்கிறது என்றும் தெரிந்தது.

நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சங்கங்கள் என்னை விடுவதில்லை. "அண்ணே, ஒரு சின்ன நியூஸ் போட்டு விடுங்க" என்று செயலாளர் அழைத்தார். சின்ன நியூஸ் என்றால் நான்கு பத்தியும் ஒரு படமும். டத்தோ என்பது சுல்தான் தரும் பட்டம், ஆகவே படத்தில் அவர் நடுவில் இருக்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பேருந்து நிற்க வேண்டிய இடத்தில் நானும் இன்னொரு பெண்மணியும் மட்டும் நின்றோம். அவர் கிள்ளானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தார். அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லோருக்கும் அவர் கிள்ளான் அக்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. செயலாளர் ஆறே முக்காலுக்கு வந்தார், தலைவர் ஏழு மணிக்கு. பேருந்து ஏழு இருபதுக்குப் புறப்பட்டது. ஆறு மணி என்று சொன்னால்தான் ஏழு மணிக்காவது வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிவதால் ஏழு இருபது ஆகிறது.

டி-சட்டையின் முன்பக்கம் சங்கத்தின் சின்னம். முதுகில் டத்தோவின் முகம், புன்னகையுடன். கிணறு எங்கும் இல்லை.

பேருந்தில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். உள்ளே ஒரு புகைப்படம், ஒரு நில வரைபடத்தின் நகல், மாவட்ட நில அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கிணற்றைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். கிணற்றைக் கட்டி முடித்த அன்று, காயாத சிமெண்டில் ஐந்து தொழிலாளர்கள் கையைப் பதித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அவருடைய அப்பா. ரப்பர் பால் தகட்டை அழுத்தும் உருளையில் சிக்கி அப்பாவுக்கு இடது ஆள்காட்டி விரல் பாதி போயிருந்தது. கிணற்றின் விளிம்பில் நான்கு முழுக் கைகள் இருக்கின்றன. ஐந்தாவதில் ஒரு விரல் பாதியில் நிற்கிறது.

"பிறப்புப் பத்திரத்தக்கூட நம்பாதீங்க அண்ணே, அந்தக் கைய நம்பலாம்" என்றார்.

நிலம் இப்போது ஒரு வீடமைப்பு நிறுவனத்துடையது. குன்றைச் சமன் செய்ய மண்வாரிகள் சீக்கிரம் வரப்போகின்றன. நில அலுவலகத்தில் ஓர் அதிகாரி அக்காவிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: தனி ஆள் எழுதினால் கோப்புக்குள் போகும், ஒரு சங்கம் எழுதி, பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்து பார்த்த படமும் பத்திரிகைச் செய்தியும் சேர்த்துக் கொடுத்தால், அந்தத் துண்டு நிலத்தை மட்டும் விட்டுவிடும்படி நிறுவனத்திடம் கேட்கலாம்.

"டத்தோ அந்தக் கெணத்துப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ. எனக்கு அது போதும். பேசக்கூட வேணாம்."

"பேசாம இருக்க மாட்டாரே அக்கா."

"பேசட்டும். அங்க நின்னுக்கிட்டுப் பேசட்டும்."

சாலை தொடங்கும் இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளைத் துணி உறை. மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், மைலோ, ஓர் ஐந்து முகக் குத்துவிளக்கு. மலையேறுவதற்கு முன் குத்துவிளக்கு ஏற்றும் வழக்கம் வேறு எந்த நாட்டு நடைக்குழுவுக்காவது உண்டா என்று தெரியவில்லை. நமக்கு உண்டு. விளக்கு இல்லாமல் நாம் ஒரு கணினி வகுப்பைக்கூடத் தொடங்கியதில்லை.

டத்தோ ஒன்பதரைக்கு வந்தார். புதிய காலணிகள், இடது காலணியில் கடையின் அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. செயலாளர் குனிந்து அதைப் பிய்த்தெடுத்தார். விளக்கின் ஐந்து முகங்களுக்கு ஒன்பது பேரை மேடைக்கு அழைத்திருந்தார்கள். காற்றில் அணைந்த முகங்களை மீண்டும் ஏற்றியதால் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிறகு டத்தோ, நம் சமுதாயம் நடக்கவேண்டியதன் அவசியம் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். உட்கார்ந்து கேட்டோம்.

பச்சைக் கொடியை அசைத்து நடையைத் தொடக்கி வைத்தவரும் அவரே. கொடியை அசைத்ததும் கூட்டம் கிளம்பிவிட்டது. புகைப்படக்காரர், "டத்தோ முன்னால வரணும், டத்தோ முன்னால வரணும்" என்று கத்த, டத்தோ கொடியோடு ஓடி வந்து கூட்டத்தை முந்தினார். அன்று அவர் ஓடியது அந்த ஒரு முறைதான். முட்டிக்குக் கேடு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

தோட்டச் சாலையில் பழைய தார் தேமல் மாதிரி அங்கங்கே இருந்தது. மற்றபடி செம்மண்ணும் சரளையும். இரு பக்கமும் செம்பனை. எனக்கு முன்னால் போன ஒவ்வொரு முதுகிலிருந்தும் டத்தோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கிணற்றடியிலும் ஏற்ற வேண்டும் என்பதால் குத்துவிளக்கும் கூட வந்தது. பொருளாளர் அதைக் கழுத்தில் பிடித்துக்கொள்ள, துணைத் தலைவர் அடியைத் தாங்கினார். விபத்தில் சிக்கிய ஒருவரைத் தூக்கிப் போவது போல் இருந்தது. எண்ணெய்ப் பாட்டில் ஒருவரிடம், திரி இன்னொருவரிடம். குடிதண்ணீர் கூடாரத்திலேயே தங்கிவிட்டது.

பத்தே முக்காலுக்கு ஒரு வளைவில் நிழல் வந்தது. அங்கே ஒரு சிறிய செங்கல் கட்டடம். துருப்பிடித்த இரும்புக் கதவு, கதவில் ஓர் எண், அதற்கு மேல் 'அபாயம், நுழையாதே' என்று மலாயில் ஒரு தகரப் பலகை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றிய பம்பு அறை. சாலை அங்கிருந்து மேட்டில் ஏறியது. டத்தோ கட்டடத்தின் படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டமா? இதுதானா?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். பெரிய மனிதர்களின் பக்கத்தில் பல வருடம் நின்று பழகியவர்களுக்கு, கேள்விக்குள்ளேயே விடை கேட்டுவிடும்.

"வந்துட்டோம் டத்தோ. இதுதான்" என்றார் தலைவர்.

அக்கா பின்னாலிருந்து வேகமாக வந்தார். "தலைவரே, இது பம்பு வீடு. கெணறு மேல இருக்கு. இன்னும் இருபது நிமிஷம்."

செயலாளர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். நானும் போனேன்.

"அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க லா. அவருக்கு முட்டி வலி. போட்டோவ இங்க எடுத்துக்குவோம், லெட்டர்ல கெணறுன்னு எழுதிக்குவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

"நெல ஆபீஸ்காரன் பாப்பான்."

"அவனுக்குக் கெணறும் பம்பும் ஒண்ணுதான் அக்கா. ரெண்டும் தண்ணி சமாச்சாரம்."

டத்தோவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "என்னம்மா பிரச்சின?" என்றார்.

"பிரச்சின ஒண்ணுமில்ல டத்தோ. நீங்க பாக்க வந்த எடம் இன்னும் மேல இருக்கு. மெதுவா நடந்தாப் போதும், நான் கையப் புடிச்சிக்கிறேன். முப்பது வருஷம் நோயாளிங்கள நடக்க வச்சவதான் நான்."

சிலர் சிரித்தார்கள். டத்தோவும் சிரித்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "அக்கா வேற ஒரு எடத்தப் பத்திச் சொல்றாங்க டத்தோ."

"அப்படியா? அதுக்கு இன்னொரு நாள் வருவோம்மா. என் ஆபீஸ்ல சொல்லி வைங்க."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பதாகையைக் கதவின் குறுக்கே கட்டினார்கள், 'அபாயம்' மறைந்தது. கைப்பிடியில் மாலை போட்டார்கள். விளக்கு ஏற்றப்பட்டது. டத்தோவுக்குப் பொன்னாடை, டத்தோ கையால் தலைவருக்குப் பொன்னாடை. டத்தோ சுவரைத் தடவி, "இந்த ஒவ்வொரு செங்கல்லயும் நம்ம முன்னோரோட வேர்வை இருக்கு" என்றார். குரல் உண்மையாகவே கம்மியது. கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்பு அறைக்கு அவ்வளவு மரியாதை அதன் வாழ்நாளில் கிடைத்திருக்காது.

அக்கா படத்தில் நிற்கவில்லை. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டுச் சாலையில் தனியாக ஏறினார். வளைவில் ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

நான் போகவில்லை. டத்தோ எங்கே நிற்கிறாரோ அங்கேதான் செய்தி என்பது முப்பது வருடப் பழக்கம். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இறங்கி வந்து, டத்தோவின் கார் போய், பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா வந்தார். முழங்கால் வரை சேறு. அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் காலணிக்குள் இறங்கியிருந்தது. ஏழு நிமிடம் காத்திருந்தோம். "அக்கா, பங்சுவாலிட்டி முக்கியம் லா. காஜாங்ல சாப்பாட்டுக்கு சாத்தே ஆர்டர் பண்ணியாச்சு" என்றார் செயலாளர், காலை ஆறே முக்காலுக்கு வந்தவர்.

அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பாசி சுரண்டிய சிமெண்டில் ஐந்து கைகள். "இதப் போடுவீங்களா?"

"அனுப்புறேன் அக்கா. அவங்க முடிவு."

இரண்டு படங்களையும் நாளிதழுக்கு அனுப்பினேன். டத்தோ இருந்த படம் வந்தது. அதன் கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: 'தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பைச் சொல்லும் வரலாற்று இடத்தில் டத்தோவும் சங்கப் பொறுப்பாளர்களும்.' கிணறு என்றும் எழுதவில்லை, பம்பு என்றும் எழுதவில்லை. பொய் என்று யாரும் விரல் வைக்க முடியாத வாக்கியம். தொழில் தெரிந்தவர்களால்தான் அப்படி எழுத முடியும்.

சங்கத்தின் கடிதம் அந்தச் செய்தி நறுக்கோடு நில அலுவலகத்துக்குப் போனது. கிணறும் பம்பும் ஒன்றுதான் என்று நினைக்காத ஒரே இடம் அந்த அலுவலகம். படத்தில் இருந்த கட்டடத்தைத் தேடிப் போய் அடையாளம் கண்டு, அளந்து, அதை விட்டுவிடும்படி நிறுவனத்துக்கு எழுதினார்கள். நிறுவனமும் மறுக்கவில்லை, சாலையோர மூலை, வீடு கட்ட உதவாது. வேலி வந்தது. இரண்டு மொழிகளில் பலகை வந்தது. சங்கத்தின் வாட்ஸாப் குழு மூன்று நாள் கைதட்டியது.

அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, ஜெயிச்சிட்டோம். பம்பு வீட்டக் காப்பாத்தியாச்சு."

நாளிதழில் ஒரு திருத்தம் போடச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன். "படத்துல டத்தோ இருக்காரு, டத்தோதானே அது? எதத் திருத்தணும்?" என்றார் ஆசிரியர்.

அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. தன் தாமான் குடியிருப்பில் வீடு புதுப்பிக்கும் வேலை செய்யும் ஒருவரை, சிமெண்ட் அறுக்கும் இயந்திரத்தோடும் ஒரு சின்ன லோரியோடும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போனார். பழைய சிமெண்ட். அறுக்கும்போது உடைந்தது. அப்பாவின் கை முழுதாக வந்தது. பக்கத்துக் கையின் கட்டைவிரல் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. மற்றவை கிணற்றுக்குள் விழுந்தன. அடுத்த வாரம் குன்றே இல்லை.

இந்த ஆண்டு சங்கம் இரண்டாம் நடைக்கு ஏற்பாடு செய்தது. பம்பு அறை வரைக்கும்தான். தொழிலாளர்களைத் தண்டனைக்காக அடைத்து வைத்த அறை அது என்று ஒருவர் விளக்குவதைக் கேட்டேன். உள்ளே சுவரில் கைரேகைகள் இருப்பதாகவும், கதவு பூட்டியிருப்பதால் பார்க்க முடியாது என்றும் சொன்னார்.

அப்பாவின் கை பதிந்த கல் கிள்ளானில் இருக்கும் செய்தி எப்படியோ தலைவருக்கு எட்டியது. போன மாதம் அவரும் செயலாளரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். சாட்சிக்கோ துணைக்கோ, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். கல் கார் நிறுத்துமிடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றது. மூவரும் ஒரு நிமிடம் அதைப் பார்த்தோம். செயலாளர் தன் இடது ஆள்காட்டி விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டார். அவருக்கே தெரியாமல் செய்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா தேநீர் கொடுத்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, அந்தக் கல்லக் குடுத்தீங்கன்னா வேலி போட்ட நம்ம எடத்துல செவுத்துல பதிச்சிரலாம். டத்தோ கையால தெறப்பு விழா. ஒங்கப்பா பேரும் போட்டுரலாம்."

"எங்கப்பா கை வேற ஒரு எடத்துலல்ல இருந்துச்சு தலைவரே."

தலைவர் தேநீரை ஊதினார்.

"டத்தோவுக்குப் பாக்க ஆசையா இருக்குன்னா இங்க வரட்டும்" என்றார் அக்கா. "யாரு வேணாம்னா?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "கூட்டிக்கிட்டு வரேன் அக்கா. அடுத்த வாரமே. அவருக்கு முட்டி இன்னும் செரியாகல, கார் வாசல் வரைக்கும் வரும்ல?"

"வராது."

"ஏன் அக்கா?"

"ரோட்ட நோண்டிப் போட்டிருக்கான். ஸ்டேஷன்லேர்ந்து நடந்துதான் வரணும். இருபது நிமிஷம். மெதுவா வந்தாப் போதும்."

தலைவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அவருடைய கார் கேட்டை ஒட்டி நின்றிருந்தது, முன்சக்கரம் அக்காவின் துளசித் தொட்டியை இடிக்கும் தூரத்தில்.

அக்கா பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.